டெக்குக்குள்ளே அப்பா

‘டெக்’ என்றால் ஆபீஸில் சின்னப் பையன்கள் முழிக்கிறார்கள். வி.ஸி.ஆர். ஐயா, வி.ஸி.ஆர்! சனிக்கிழமை ராத்திரி கலர் டி.வி.யோடு வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூணு படம் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூராத் தூங்கின தலைமுறை நாங்கள்.

போன மாசம் அம்மா, "அப்பாவோட அறுபதாம் கல்யாண கேஸட்டைப் போடேண்டா. அவர் குரலைக் கேக்கணும்போல இருக்கு" என்றாள். 1988-ல் எடுத்தது. அப்பா பேசிப் பதிவானது அது ஒன்றுதான். மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த டெக்கைப் பரணிலிருந்து இறக்கி, கேஸட்டைத் தள்ளினேன். விழுங்கியது. பத்து செகண்ட் ‘கர்ர்ர்’. நின்றுவிட்டது. மறுபடி அழுத்தப் போன கையை மனைவி பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அது எதையோ மெல்லுது. யாரையாவது கூப்பிடுங்க!"

தெருக்கோடியில் ரிட்டயரான மெக்கானிக் பெரியவர் ஒருத்தர் உண்டு. வந்ததும் முதலில் ப்ளக்கைப் பிடுங்கினார். மூடியைத் திறந்தால், டேப் கதம்பச் சரம் மாதிரி உள்ளே தொங்குகிறது! சக்கரத்தை விரலால் மெள்ள மெள்ளத் திருப்பி, கிழியாமல் மீட்டுக் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

"இது எந்தக் கம்பெனி டெக்குனு நினைச்சீங்க?"

முன்பக்கத்துப் பெயரைச் சொன்னேன். சிரித்தார். "அது வெறும் ஸ்டிக்கர் சார். உள்ளே வேற ஆளு."

இந்த ஆள்மாறாட்டம் ஆரம்பத்திலிருந்தே உண்டாம். 1956-ல் அமெரிக்க ஆம்பெக்ஸ் கம்பெனி செய்தது டி.வி. ஸ்டேஷன்களுக்கான ராட்சசன். வீட்டுக்குள் வந்த சண்டை ஜப்பான்காரர்களுடையது. 1975-ல் ஸோனியின் பீட்டாமாக்ஸ். அடுத்த வருஷமே ஜே.வி.ஸி.யின் வி.எச்.எஸ். நேஷனல், பானஸோனிக் பெயர்களில் விற்ற மட்சுஷிடாவும் ஜே.வி.ஸி. பக்கம் சேர்ந்தது. 1977-ல் அமெரிக்காவில் ஆர்.ஸி.ஏ. என்று விற்றது மட்சுஷிடா செய்த டெக். ஸெனித் என்று விற்றது ஸோனி செய்தது! கடைசியில் ஸோனியே 1988-ல் வி.எச்.எஸ். செய்ய இறங்கிவந்தது. எல்லோரும் போனபிறகும் நின்ற ஃபுனாய் 2016-ல் கடையைக் கட்டியது. ஆக, பரணில் இருப்பதுதான் இனி நமக்கு. அதற்கு பெல்ட் தேடும்போது ஸ்டிக்கர் பெயரைச் சொன்னால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். உள்ளே இருக்கிற மெக்கானிஸம் யாருடையது என்று பார்த்துக் கேட்க வேண்டும். ரிச்சி தெருவில் நாலாவது கடையில் எனக்குக் கிடைத்தது.

பத்து செகண்டில் நின்றதால் டெக் செத்துவிட்டதாக அர்த்தமில்லையாம். டேப்பைச் சுருட்டிக்கொள்ள வேண்டிய சக்கரம் சுற்றவில்லை என்று தெரிந்து, தானே நிறுத்திக்கொள்கிறது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ‘ஐட்லர்’ என்று ரப்பர் போட்ட சின்னச் சக்கரம். அது வழுக்கினால், பெல்ட் தொளதொளத்தால், இந்தக் கதிதான். "முப்பது வருஷத்து ரப்பர் சார். மனுஷனுக்கே முட்டி தேயுது."

சத்தம் வருகிறது, படத்தில் மட்டும் பனி பெய்கிறதா? ஹெட் அழுக்கு. சத்தத்தைப் படிக்கிற ஹெட் சாதாரண டெக்கில் தனியாக, அசையாமல் இருக்கிறது. படத்தைப் படிப்பது சுழலும் டிரம்மில் இருக்கிற ஹெட். டேப் என்னவோ செகண்டுக்கு 2.34 சென்டிமீட்டர்தான் ஊர்கிறது, பாட்டு கேஸட்டில் பாதி வேகம். ஆனால் டிரம் செகண்டுக்கு 25 சுற்று!

‘அந்தக் காலத்தில் புது ரூபாய் நோட்டை சென்ட்டில் நனைத்துத் துடைப்பேன்’ என்று பெருமையாகச் சொன்னேன். பெரியவர் பார்த்த பார்வை இருக்கிறதே! வெள்ளைக் காகிதத்தை ஐஸோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம் மேல் லேசாக வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் டிரம்மைத்தான் சுற்றினார். காகிதம் நகரவில்லை. மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடுமாம். காது குடையும் பஞ்சுக் குச்சியும் ஆகாது, பஞ்சு ஹெட்டில் மாட்டிக்கொள்ளும்.

கேஸட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நம்ம ஊர் ஈரத்துக்கு டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். அதோடு போட்டால் டெக்குக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். நல்லவேளை, இதில் இல்லை. "முதல்ல உருப்படாத கேஸட் ஏதாவது கொடுங்க." நாங்கள் தோற்ற கிரிக்கெட் மேட்ச் ஒன்று அகப்பட்டது. இரண்டு தடவை ஓட்டி, நிறுத்தி, சுருட்டிப் பார்த்தார். மெல்லவில்லை.

அப்புறம் அப்பா.

திரையின் கீழே ஒரு கோடு இழுத்தது. ட்ராக்கிங் திருகியதும் இறங்கி மறைந்தது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவர், கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டி, "யாருப்பா அது, லைட்டை மூஞ்சில அடிக்கிறது? முதல்ல எல்லாரையும் சாப்பிடச் சொல்லுங்க" என்றார்.

"சாப்டாச்சுன்னா, சாப்டாச்சு" என்றாள் அம்மா, டி.வி.யைப் பார்த்து.