செங்கம் சாலையில் தொடக்கப் பாடம்

தத்துவம் படிக்கத் தொடங்க ஒரு தமிழ்ப் புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்கிறவர்களுக்கு நாம் கைகாட்டுவது திருவண்ணாமலை செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமப் புத்தகக் கடையைத்தான். ‘நான் யார்?’ மெல்லிய பிரசுரம். பக்திக்காகச் சொல்லவில்லை, அது உருவான விதத்துக்காகச் சொல்கிறோம். சிவப்பிரகாசம் பிள்ளை தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்தவர். கல்லூரியில் தத்துவம் படித்தும் சந்தேகம் தீராதவர். 1902 வாக்கில் அலுவல் நிமித்தமாகத் திருவண்ணாமலை வந்தவர், விருபாட்ச குகையில் இருந்த இளைஞரிடம் போனார். ரமணர் அப்போது பேசுவதில்லை. பிள்ளை கேட்கக் கேட்க எழுதிக் காட்டினார். 1923இல்தான் அது அச்சேறியது. கேட்டவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. அதனால் பதிலில் வளவளப்பு இல்லை. நம் அறிமுக நூல்கள் பலவற்றில் யாரும் எதையும் கேட்பதில்லை. தேல்ஸில் தொடங்கி வரிசையாகப் பெயர்கள் வரும், அவ்வளவுதான்.

இந்தப் பிரசுரத்தை ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். தமக்குள் ‘நான்’ எங்கே என்று தேடிய ஹியூம், சூடு, குளிர், வலி, இன்பம் என ஏதோ ஓர் உணர்வுதான் தட்டுப்படுகிறது, தனியாக ‘நான்’ என்று ஒன்று அகப்படவில்லை என்று 1739இல் எழுதினார். ரமணர் அங்கே நிற்கவில்லை. அந்த உணர்வு யாருக்கு என்று கேட்கச் சொன்னார். இதில் யார் பக்கம் நியாயம் என்று இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் டீக்கடை பெஞ்சில் மல்லுக்கட்டினால் தத்துவ வகுப்பு ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் ரமணாசிரமப் பக்கம் வருகிறவர்கள் பலரும் மற்றக் கேள்விகளைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆசிரமத்தின் வரலாறு அப்படிப்பட்டதல்ல. நிர்வாக உரிமை கேட்டு, முன்பு பொறுப்பில் இருந்த பெருமாள்சாமி வழக்குப் போட்டார். 1936இல் ரமணரிடம் வாக்குமூலம் வாங்க நீதிமன்றக் கமிஷனர் ஆசிரமத்துக்கே வந்தார். தாங்கள் எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்ற கேள்விக்கு, பிரம்மச்சரியம் முதல் சந்நியாசம் வரையான நான்கு வாழ்க்கை நிலைகளிலும் சேராத அதியாசிரமம் என்று பதில் வந்தது. சொத்து விவகாரம் அந்தப் பதிலோடு அடங்கவில்லை. 1938இல் உயில் எழுத வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் விட்டவர் பெயரில் நிலமும் கட்டடமும் சேர்ந்தால் அவை யாருடையவை? அரசியல் தத்துவத்தில் சொத்துரிமை பற்றி இதைவிட நல்ல முதல் பாடம் நமக்குத் தெரியவில்லை. உணவுக்கூடத்தில் பிராமணர்கள் ஒருபுறமும் மற்றவர்கள் மறுபுறமும் உட்கார, இரு தரப்பும் பார்க்கும்படி ரமணர் அமர்ந்திருந்ததை ஆசிரமவாசிகளின் நினைவுக்குறிப்புகளே சொல்கின்றன. அதையும் மழுப்பாமல் படிக்க வேண்டும்.

தத்துவத்தை எளிய தமிழில் அறிமுகப்படுத்தும் வேலைக்கு நம் மாவட்டத்திலேயே முன்னோடி இருக்கிறார். 1895இல் செய்யாறு பக்கம் வெங்களத்தூரில் பிறந்த வெ. சாமிநாத சர்மா. திரு.வி.க.வின் ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’யில் பயின்று, ரங்கூனில் ‘ஜோதி’யை நடத்தியவர். 1942இல் குண்டுவீச்சுக்குத் தப்பி பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களில் ஒருவர். பிளேட்டோவையும் ரூசோவையும் மார்க்ஸையும், பள்ளிப் படிப்போடு நின்றவரும் படிக்கும்படி தமிழில் தந்தார். அவருடைய நடையில் இன்று பழைய வாசனை அடிக்கலாம். ஆனால் வாசகரை மட்டம் தட்டும் வரி ஒன்றுகூட நம் கண்ணில் பட்டதில்லை. செங்கம் சாலையில், ரமணரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பால் பிரண்டனைத் தெரிந்தவர்கள் ஏராளம். சர்மாவை?

இந்த இதழிலிருந்து சில பக்கங்களைத் தொடக்கப் பாடங்களுக்கு ஒதுக்குகிறோம். பாடத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. மாசியில் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுப்பது ஊரறிந்த செய்தி. அந்த மகாராஜா, அதாவது மூன்றாம் வீர வல்லாளன் என்ற ஹொய்சள மன்னன், 1340களில் மதுரை சுல்தானோடு போரிட்டு உயிரிழந்தது அந்த அளவுக்கு ஊரறிந்ததா? சடங்கு எதை நினைவில் வைக்கிறது, எதை விடுகிறது என்று பார்ப்பது வரலாறு படிப்பதன் முதல் படி. அண்மைச் செய்திகளிலும் பாடம் உண்டு. தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் போலீஸ் காவலோடு நுழைந்தது 2023 ஜனவரி 30ஆம் தேதி. அடுத்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை மலைச்சரிவில் பாறையும் மண்ணும் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். பௌர்ணமிதோறும் மலையைச் சிவமென்று சுற்றுகிற ஊரில், அதன் சரிவில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டிய நிலை யாருக்கு, எதனால் வந்தது? இதில் சமூகவியலும் இருக்கிறது, பட்டா சிட்டாவும் இருக்கிறது.

கட்டுரைகள் நிறைய வருகின்றன. இப்போதைக்கு அவை போதும். கேள்விகளை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். பதில் எழுத முன்வருகிறவர்களுக்கு இரண்டு பக்கம்தான். அதற்கு மேல் போனால் வெட்டுவோம், பேராசிரியரானாலும்.