மீசையை அரிப்பது கல் அல்ல

திருப்பதியிலோ சித்தூரிலோ வண்ணமீன் கடையில் கோரி கெளுத்தி வாங்கினால், கூடவே ஒரு புத்திமதியும் வரும்: “இசுக வேஸ்தே சாலு.” மணல் போட்டால் போதும், கல் போட்டால் மீசை தேய்ந்து மீன் செத்துப்போகும். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஒவ்வொரு வாதமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

“கல் மீசையைத் தேய்க்கிறது.” தேய்வதற்கு மீசை ஒன்றும் செருப்பின் அடி அல்ல, சுவை மொட்டுகள் நிறைந்த உயிருள்ள தசை. கூரான கல் அதைக் கீறும், மறுக்கவில்லை. ஆனால் சுத்தமான தண்ணீரில் சிறு கீறல் ஆறிவிடும். ஆறவிடாமல் அரிப்பவை பாக்டீரியாக்கள். பருக்கைக் கல்லின் இடுக்கில் விழுந்த தீனி கோரியின் வாய்க்கு எட்டாமல் அங்கேயே அழுகுகிறது. மீனோ நாள் முழுக்க அதிலேயே முகம் புதைக்கிறது. சந்தேகமிருந்தால் சைஃபன் குழாயைக் கல்லுக்குள் சொருகி உறிஞ்சிப் பாருங்கள். வாளியில் காபி டிகாஷன் நிறத்தில் தண்ணீர் விழுந்தால், குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

“மணல் என்றால் எந்த மணலும் சரி.” சித்தூர் கருங்கல் பூமி. ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு வந்தபின் கட்டட வேலைக்கெல்லாம் எம்-சாண்ட்தான். மீதமானதைத் தொட்டியில் கொட்டுகிறவர்கள் உண்டு. அது உடைத்த கல். ஆற்று மணல் தண்ணீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. எம்-சாண்டின் முனை மழுங்குவதில்லை. ஒரு சிட்டிகை எடுத்துப் புறங்கையில் தேய்த்தாலே வித்தியாசம் புரியும். கோரி மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாக வெளியே விடும் மீன். மீசைக்கு ஆகாத கூர்மை செவுளுக்கு மட்டும் ஆகுமா? கடல் மணலில் வேறு சிக்கல்: சிப்பித் தூள் கரைந்து, ஏற்கெனவே உப்பும் சுண்ணாம்புமான போர் தண்ணீரை மேலும் கடினமாக்கும். நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது வேண்டாம்.

“மணலில் அழுக்குத் தங்காது, கோரியே சுத்தம் செய்துவிடும்.” மணலில் அழுக்கு மேலேயே கிடக்கும், அவ்வளவுதான், அள்ள வேண்டியது நாம். நாலைந்து அங்குலம் கொட்டிக் கிளறாமல் விட்டால் அடி கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வரும். ஓர் அங்குலம் தாராளம். கோரி துப்புரவுப் பணியாளர் அல்ல. அதன் கழிவும் அதே தரையில்தான் விழுகிறது. விளக்கணைத்தபின் மூழ்கும் தீனி போடுங்கள். காலையில் மிச்சமிருந்தால் அளவைக் குறையுங்கள்.

“செத்தால் தரைதான் காரணம்.” மே மாதத் திருப்பதியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 35 டிகிரியில் அது 7 ஆகிவிடும். அழுகலும் வெப்பத்தோடு கூடும். டார்வின் பீகிள் பயணத்தில் சேகரித்து, 1842இல் ஜெனின்ஸ் பெயரிட்ட பெப்பர் கோரி, தென் அமெரிக்காவின் குளிர்ந்த தென்பகுதியைச் சேர்ந்தது. அதற்கு 22 முதல் 26 டிகிரி போதும். கோரி அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிப்பது இயல்பு. ஓயாமல் மேலும் கீழும் ஓடினால் மூச்சு முட்டுகிறது என்று பொருள். அப்போது மணல் மாற்றுவது வீண்; ஏர் பம்ப்பும் தண்ணீர் மாற்றமும்தான் மருந்து.

“மீசை போனால் போனதுதான்.” அடிவேர் அழியாதிருந்தால், தரை சுத்தமானபின் திரும்ப வளரும்.

மெல்லிய, முனை மழுங்கிய மணலே கோரிக்கு முதல் தேர்வு. அதில் கடைக்காரரோடு எனக்குச் சண்டையில்லை. “போதும்” என்கிறாரே, அந்தச் சொல்லோடுதான் சண்டை. வாரம் ஒருமுறை உறிஞ்சிச் சுத்தம் செய்த வழவழப்பான கூழாங்கல்லில் கோரி நன்றாகவே வாழும்; கவனிக்காத மணலில் மீசை இழக்கும். மணல் மூட்டைக்குப் பணம் எடுக்குமுன் சைஃபன் குழாயை வாங்குங்கள்.