5 லட்சம் வரை ஆஸ்பத்திரி இலவசம்... முதியோர் தடுப்பூசிக்கு மட்டும் ஏன் சொந்தக் காசு?

அறுபதைத் தாண்டிய அம்மாவிடம் 'அக்கி வராமல் இருக்க ஒரு ஊசி இருக்கு, போட்டுடுங்க' என்று டாக்டர் சொன்னால், கூட வந்த மகனோ மகளோ கேட்கும் முதல் கேள்வி 'எவ்வளவு ஆகும் டாக்டர்?' என்பதுதான். ஒரு டோஸ் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். அதில் இரண்டு டோஸ். அப்பாவுக்கும் சேர்த்துப் போட்டால் நாற்பதாயிரம். 'இன்ஷூரன்ஸ் எடுக்காம விட்டுட்டோமே' என்று அந்த நேரத்தில் நொந்துகொள்பவர்கள் உண்டு. அப்படி நொந்துகொள்ளத் தேவையில்லை. இன்ஷூரன்ஸ் இருந்திருந்தாலும் பெரும்பாலும் இதே பில்தான், இதே பாக்கெட்தான்.

நம் ஊரில் மருத்துவக் காப்பீடு என்பது ஆள் 'அட்மிட்' ஆனால்தான் கண் திறக்கும். பாலிசி ஆவணத்தில் 'எதற்கெல்லாம் பணம் கிடைக்காது' என்ற பக்கத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். தடுப்பூசிக்குக் கிடையாது, விலங்கு கடித்த பிறகு போடும் ஊசிக்கு மட்டும் உண்டு என்கிற வரி பல பாலிசிகளில் இருக்கும். ஆபீஸில் கொடுக்கும் குரூப் பாலிசியில் அப்பா, அம்மாவைச் சேர்த்திருந்தாலும் கதை பெரிதாக மாறாது. புறநோயாளிச் செலவுக்கென்று தனியாக ஒரு தொகை இருந்தால் மட்டும் ஹெச்.ஆரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அரசுத் திட்டங்களும் இதே அச்சில் வார்த்தவைதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது. 2024 அக்டோபர் 29 அன்று, 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் வருமான வரம்பே இல்லாமல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை மத்திய அரசு விரிவாக்கியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இரண்டுமே நல்ல திட்டங்கள், இரண்டுமே படுக்கையில் விழுந்த பிறகு வருபவை. நிமோனியா முற்றி ஐசியூவில் படுத்தால் அரசு லட்சங்களில் செலவழிக்கத் தயார். அந்த நிமோனியாவின் ஒரு முக்கியக் காரணத்தைத் தடுக்கும் சில ஆயிரம் ரூபாய் ஊசிக்கு மட்டும் 'நீங்களே பார்த்துக்குங்க'. அரசின் சொந்தக் கணக்குப் புத்தகத்தை வைத்துப் பார்த்தாலும் இது இடிக்கிறது.

என்னென்ன ஊசிகள், என்ன விலை?

முதியோருக்கு டாக்டர்கள் வழக்கமாகப் பரிந்துரைப்பவை மூன்று. ஃப்ளூ ஊசி ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை ஆகும். நியூமோகாக்கல் ஊசி, நிமோனியாவை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரானது. எந்த வகை என்பதைப் பொறுத்து ஒரு டோஸோ இரண்டோ, விலை சில ஆயிரங்கள். மூன்றாவது அக்கி ஊசி.

அக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் சின்னம்மை வந்து போனாலும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்புகளில் ஒதுங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்பு சக்தி குறையும்போது திரும்பக் கிளம்பும். இடுப்பிலோ மார்பிலோ முகத்திலோ ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளங்கள் வரும். கிராமங்களில் குயவரிடம் போய்க் காவி மண்ணால் 'அக்கி எழுதி' வரும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கொப்புளம் சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் பலருக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கும். சிலருக்கு வருடக்கணக்கில். சட்டைத் துணி பட்டாலே சுரீர் என்று இழுக்கும் வலி அது. 2023-ல் இந்தியாவில் அறிமுகமான ஷிங்ரிக்ஸ் ஊசி, 50 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த பரிசோதனைகளில் 90 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு தந்தது. ஊசியில் குறை இல்லை, விலைதான் பிரச்சினை. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் இரண்டு டோஸ் அக்கி ஊசி, பதினாறு மாதத்துக்கும் மேலான உதவித்தொகை.

இந்தச் சூழலில் எத்தனை பேர் போட்டுக்கொள்வார்கள்? 2017-18-ல் நாடு முழுக்க 70,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுக்கப்பட்ட 'லாசி' முதுமை ஆய்வின் தரவுப்படி, 45 வயதைத் தாண்டியவர்களில் எப்போதாவது ஃப்ளூ ஊசி போட்டவர்கள் 1.5 சதவீதம். நியூமோகாக்கல் ஊசி 0.6 சதவீதம். அக்கி ஊசி அப்போது இங்கே வரவே இல்லை. இதற்கு விழிப்புணர்வு இல்லாததுதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். விலை தெரிந்த பிறகு வேண்டாம் என்றவர்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

வெளிநாடுகளில் எப்படி? அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேரின் மருந்துக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு, 2023 ஜனவரி முதல் அக்கி ஊசி உள்பட பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளுக்குக் கைக்காசு எதுவும் கட்ட வேண்டாம். 65 வயதுக்குக் கீழே, காப்பீடு இல்லாதவர்களின் பாடு அங்கேயும் திண்டாட்டம்தான். பிரிட்டனில் 65 வயதானால் வருடா வருடம் ஃப்ளூ ஊசி இலவசம், அக்கி ஊசியும் குறிப்பிட்ட வயதினருக்கு இலவசம். சிங்கப்பூரில் பெரியவர்களுக்கென்றே 2017 முதல் தேசிய தடுப்பூசி அட்டவணை இருக்கிறது. 2025 செப்டம்பரில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்கி ஊசிக்கும் மானியம் தொடங்கியது.

'அதெல்லாம் பணக்கார நாடு' என்பீர்கள். சரி, நம் வீட்டுக் கணக்கையே பார்ப்போம்.

முடியாத காரியமா?

2021 மார்ச் 1 அன்று 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கோவிட் ஊசி தொடங்கியபோது அரசு மையங்களில் இலவசம், தனியாரில் அதிகபட்சம் 250 ரூபாய் என்று விலைக்கு உச்சவரம்பு போட்டார்கள். பெரியவர்களுக்கு ஊசி போடும் அனுபவமே இல்லாத ஒரு அமைப்பு, கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்டுக் காட்டியது. ஹஜ் யாத்திரை போகும் முதியோருக்கு ஃப்ளூ ஊசியை அரசு முகாம்களில் ஏற்கெனவே இலவசமாகத்தான் போடுகிறார்கள். காசநோய்த் தடுப்புக்காக 2024-ல் பல மாநிலங்களில் பெரியவர்களுக்கு பிசிஜி ஊசி போட்டார்கள், அதில் 60 வயதைத் தாண்டியவர்களும் ஒரு பிரிவு. ஆக, 'தடுப்பூசி என்றால் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மட்டும்' என்ற கோட்டை அரசே பலமுறை தாண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இன்னும் ஒரு வசதி உண்டு. 1990-களின் நடுவிலிருந்து மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்கும் மருத்துவ சேவைக் கழகம் இங்கே இருக்கிறது. மற்ற மாநிலங்கள் பார்த்துப் படித்த மாடல் அது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு டப்பா வாங்கும் விலைக்கும், லட்சக்கணக்கில் ஆர்டர் கொடுத்து வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கழகம் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. ஊசி யாருக்கு அவசரம் என்ற பட்டியலும் கையில் இருக்கிறது. 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிபி மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் சர்க்கரை நோயுள்ள பாட்டி இருக்கிறார் என்பது அந்தப் பதிவேட்டில் இருக்கும். ஃப்ளூவும் நிமோனியாவும் கடுமையாகத் தாக்க வாய்ப்புள்ளவர்கள் அவர்கள்தான்.

எதிர்வாதமும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. குழந்தைகளுக்கான நியூமோகாக்கல் ஊசியே 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல்தான் நாடு முழுக்க வந்தது. குழந்தைகளுக்குப் போட்டால் கிருமி பரவுவது குறைந்து வீட்டுப் பெரியவர்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும். இருக்கிற பணத்தை அங்கே போடுவது புத்திசாலித்தனம் என்பார்கள். அக்கி ஊசியைப் பொறுத்தவரை இந்த வாதம் எடுபடும். அக்கி படுத்தி எடுக்கும், ஆனால் உயிரை எடுப்பது அரிது. பத்தாயிரம் ரூபாய் ஊசியை எல்லோருக்கும் இலவசமாகக் கொடு என்று இன்றைக்கே கேட்பது நடக்கிற காரியமில்லை. ஃப்ளூ ஊசிக்கு அதே பதிலைச் சொல்ல முடியாது. விலை குறைவு, உள்நாட்டிலேயே தயாராகிறது, யாருக்கு முதலில் என்பதும் தெரியும். சர்க்கரை, இதயம், நுரையீரல் பிரச்சினை உள்ள 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஃப்ளூ ஊசி, அடுத்து நியூமோகாக்கல் என்று மாநில அரசு தொடங்கலாம். மத்திய அரசின் கணிப்புப்படி தமிழகத்தில் 2021-ல் 13.6 சதவீதமாக இருந்த முதியோர் பங்கு, 2031-ல் 18.2 சதவீதமாகும். தள்ளிப்போடத் தள்ளிப்போட பட்டியல் நீளும்.

அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்?

மூன்றையும் ஒரே மாதத்தில் போட்டுப் பட்ஜெட்டில் துண்டு விழ வேண்டியதில்லை. எது முதலில் என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஃப்ளூதான் முதலில் வரும். சென்னை, வேலூர் பக்கம் ஃப்ளூ உச்சத்துக்குப் போவது வடகிழக்குப் பருவமழை நேரத்தில், அக்டோபர், நவம்பரில். மழை தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். அக்கி ஊசியின் இரண்டு டோஸுக்கு நடுவே இரண்டு முதல் ஆறு மாதம் வரை இடைவெளி விடலாம் என்பதால், ஒரு டோஸ் இந்த போனஸில், அடுத்தது பிறகு என்று பிரித்துக்கொள்ளலாம். ஊசி மருந்தின் விலை தனி, மருத்துவமனை வாங்கும் சேவைக் கட்டணம் தனி. இரண்டு மூன்று இடங்களில் போன் செய்து விசாரித்தால் வித்தியாசம் தெரியும். விலை குறைவாக இருக்கிறதென்று எங்கோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் அலையாதீர்கள், குளிர் விட்டுப்போனால் ஊசி வீண்.

வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல். மருத்துவக் காப்பீடு இல்லாத, 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்குச் செய்யும் மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். 80டி என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த சலுகை இது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் செல்லாது. யூபிஐயிலோ கார்டிலோ கட்டி, பெற்றோர் பெயரில் பில் வாங்கி வைத்துக்கொண்டு, தடுப்பூசிச் செலவை அதில் காட்டுவது பற்றி ஆடிட்டரிடம் பேசுங்கள். புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு இது கிடையாது.

அக்கி ஊசிக்குக் கட்டுப்படியாகாத வீடுகள் ஒரு கணக்கை நினைவில் வைத்திருக்க வேண்டும். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரையைத் தொடங்கினால் நோயின் கடுமை குறையும். அரசு மருத்துவமனைக்கே போகலாம். குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டு வந்தாலும் சரி, அன்றைக்கே டாக்டரையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.