கேட்காததை எதற்குக் கொடுக்கிறீர்கள்?

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க என் அக்கா மகன் விசாவுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறான். மென்பொருள் நிறுவனத்தில் வேலை, படித்தவன், விவரமானவன். தெருமுனை டிராவல்ஸ்காரருக்கு அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், சரி. கூடவே ஆதார் அட்டை இரண்டு பக்கமும், பான் கார்டு, பி.எஃப். பாஸ்புக், வேலையில் சேர்ந்தபோது கொடுத்த பணி நியமனக் கடிதம் முழுவதும். போதாததற்கு வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டு. "ரிட்டர்ன் காப்பியை அவரே எடுத்துக்குவாராம் மாமா" என்கிறான்.

"இதெல்லாம் தூதரகம் கேட்டதா?"

"அவர்தான் கேட்டார். மறைச்சா ரிஜெக்ட் பண்ணிடுவாங்க மாமா. நம்மகிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

அக்காவும் சேர்ந்துகொண்டாள். "உனக்கு எதை எடுத்தாலும் சந்தேகம்தான்டா."

ஊர் முழுக்க இதே பேச்சுதான். விசா என்றால் பீரோவில் இருக்கிற காகிதம் அத்தனையையும் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், கட்டு கனமாக இருந்தால்தான் அதிகாரி நம்புவார், ஒன்றைக் கொடுக்காமல் விட்டால் பொய்யன் என்று முத்திரை குத்திவிடுவார். எந்தத் தூதரகம் இப்படிச் சொல்லியிருக்கிறது? பிரிட்டனில் விசாவுக்காக ஏமாற்றினால் 10 ஆண்டுகள் வரை தடை விதிக்கலாம் என்று விதி இருக்கிறது. ஏஜென்டுகள் இதைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். அந்தத் தடை பொய் சொன்னவனுக்கு, போலிச் சம்பளச் சீட்டு கொடுத்தவனுக்கு. கேட்காத பி.எஃப். பாஸ்புக்கைக் கொடுக்காதவனுக்கு அல்ல. இந்த வித்தியாசம் தெரியாதவர் விசா ஏஜென்ட் என்று பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

"பெரிய இடம்தானே வாங்குகிறது, என்ன ஆகிவிடும்" என்பவர்களுக்கு 2007-ஐ நினைவூட்டுகிறேன். இந்தியாவில் பிரிட்டன் விசா விண்ணப்பங்களை இணையவழியே வாங்கிய வி.எஃப்.எஸ். நிறுவனத்தின் தளத்தில், முகவரிப் பட்டையில் இருக்கும் எண்ணைக் கொஞ்சம் மாற்றினால் போதும், வேறொருவரின் விண்ணப்பம் திறந்துகொண்டது. ஹேக்கர் தேவையில்லை, பள்ளிக்கூடப் பையனே செய்துவிடலாம். இதை ஓர் இந்திய விண்ணப்பதாரர் 2005-லேயே கண்டுபிடித்து எச்சரித்தார். யாரும் காதில் வாங்கவில்லை. 2007-ல் ஊடகங்களில் வெளியாகிச் சந்தி சிரித்த பிறகுதான் அந்தத் தளத்தை மூடினார்கள். பிரிட்டனின் வெளியுறவுத் துறை தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது என்று அந்த நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகமே முடிவு சொன்னது. ஒரு வல்லரசின் கையில் கொடுத்த விண்ணப்பத்துக்கே அந்தக் கதி. தெருமுனை டிராவல்ஸ்காரரின் கம்ப்யூட்டரில், டெஸ்க்டாப்பிலேயே ஆளுக்கொரு ஃபோல்டராகக் கிடக்கும் உங்கள் ஆவணங்களுக்கு என்ன காவல் இருக்கிறது?

சம்பளச் சீட்டை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். உங்கள் பெயர், ஊழியர் எண், பதவி, பான் எண், பி.எஃப். கணக்குக்கான 12 இலக்க யு.ஏ.என்., சம்பளம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கு எண் என்று பெரும்பாலும் எல்லாமே அந்த ஒரே தாளில் இருக்கும். அதோடு ஆதாரும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் சேர்ந்தால் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்னும் என்ன மிச்சம்? உங்கள் பான் எண்ணை வைத்து யாரோ கடன் வாங்குவான். வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும் நாளில்தான் சிபில் கடன் அறிக்கையில் அது உங்களுக்குத் தெரியவரும். 'தூதரகத்திலிருந்து பேசுகிறேன்' என்று ஒருவன் போன் செய்து உங்கள் பாஸ்போர்ட் எண்ணையும் கம்பெனி பெயரையும் சரியாகச் சொல்லிவிட்டு, கட்டணம் பாக்கி என்பான். இவ்வளவு சரியாகச் சொல்கிறானே என்று நம்பிப் பணம் அனுப்புவீர்கள். பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். ஆதார் எண் ஆயுள் முழுக்க ஒன்றுதான். மறைக்க என்ன இருக்கு என்று கேட்பவர்களே, இதெல்லாம்தான் இருக்கிறது!

அரசாங்கமாவது உறுதியாக நிற்கிறதா? 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், முதல் 8 இலக்கங்களை மறைத்த ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று நல்ல புத்தி சொன்னது. இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்களாம். சரியாகத்தான் புரிந்துகொண்டிருப்பார்கள்.

விசாவோடு நிற்கிற வியாதியா இது? நகைக்கடையில் ஒரு மூக்குத்தி வாங்கினால் போன் நம்பர் கேட்கிறார்கள். பெண் பார்க்க வந்தால் மாப்பிள்ளையின் பே ஸ்லிப்பைத் தரகர் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார். அது எத்தனை குடும்பங்களின் போனில் கிடக்கிறதோ. வளைகுடாவுக்குப் போகும் நம் பிள்ளைகளிடமிருந்து முதலாளிகள் பாஸ்போர்ட்டையே பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். இந்திய பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை எந்த முதலாளியும் பூட்டி வைக்கக்கூடாது. ஆனால் ஊரில் இருக்கும்போதே ஏஜென்ட் கேட்டதும் அசல் சான்றிதழ்கள் அத்தனையையும் தூக்கிக் கொடுக்கப் பழகியவன், அங்கே போய் எப்படி 'தர முடியாது' என்று சொல்வான்?

2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் ஒப்புதலை வாங்கினாலும் அந்தக் காரியத்துக்குத் தேவையான தகவலை மட்டுமே அதன் பேரில் கையாளலாம் என்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. கேட்க வேண்டிய நாம்தான் வாய் திறப்பதில்லை.

தூதரகத்துக்குப் போகும் சம்பளச் சீட்டில் மார்க்கரால் கறுப்படிக்கச் சொல்லவில்லை. திருத்திய ஆவணம் என்று அதையே குற்றமாக்கிவிடுவார்கள். விண்ணப்பிக்கும் நாட்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஆவணப் பட்டியல் இருக்கிறது. அதை நீங்களே படியுங்கள். அதில் உள்ளதை முழுதாக, அப்படியே கொடுங்கள். அதில் இல்லாததை ஒரு பக்கம்கூடக் கொடுக்காதீர்கள். வேலைக்குச் சான்று கேட்டால், பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், விடுப்பு அனுமதி இவ்வளவும் எழுதிய ஒரு கடிதத்தை அலுவலகத்திலிருந்து வாங்குங்கள். நியமனக் கடிதம் முழுவதும் எதற்கு? ஆதாரைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் எண் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். முடிந்தவரை ஏஜென்ட் இல்லாமல் நீங்களே பதிவேற்றுங்கள். ஏஜென்ட் வேண்டும் என்றால், வேலை முடிந்ததும் உங்கள் ஃபோல்டரை உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பாஸ்வேர்டை மட்டும் எந்த மனிதர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.