கடத்தி வரப்பட்ட மாப்பிள்ளை



பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து வீடுகளில் மஃரிபுத் தொழுகை முடிந்ததும் நம் பெண்மக்கள் கைப்பேசியைச் சுற்றி அமர்ந்துவிடுகிறார்கள். பார்ப்பது பெரும்பாலும் சீன நாட்டுச் சரித்திரக் காதல் நாடகங்கள். தரையைத் தழுவும் அங்கி, கூந்தலில் பொன்னூசி, அரண்மனைத் தோட்டம், ஒருத்தியை நாடும் இருவர், இடையிடையே வயிறு குலுங்கும் சிரிப்பு! ‘இவையெல்லாம் நம் பிள்ளைகள் பார்க்கத்தக்கவைதாமா?’ என்று தாய்மார்கள் வினவுகின்றனர். பொத்தாம்பொதுவாக விடையிறுப்பதில் பயனில்லை. ஒரே ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு பேசுவோம்.

சீனத்துக் கதை என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் அரசிருந்த இராசேந்திரன் அனுப்பிய தூதுக்குழு 1033-ஆம் ஆண்டில் சீனத்தை அடைந்தது. குலோத்துங்கன் காலத்தில், 1077-இல் இன்னொன்று சென்றது. அவர்கள் பட்டும் பீங்கானும் கண்டிருப்பார்கள். நாம் காண்பது நாடகம்.

நான் சொல்ல வந்த நாடகம் 2020-ஆம் ஆண்டு மே மாதம் டென்சென்ட் நிறுவனத்தின் தளத்தில் வெளிவந்தது. 24 பகுதிகள் கொண்டது. வெளிநாடுகளில் புலியும் ரோஜாவும் இணைந்த ஒரு பெயரால் அறியப்படுகிறது. சீனப் பெயரை ‘ஊர்வாயில் அடிபடும் சென் சியன்சியன்’ என்று தமிழ்ப்படுத்தலாம். நாயகியாக ஜாவோ லூசியும் நாயகனாக டிங் யூசியும் நடித்துள்ளனர். சரித்திரம் என்பது பெயருக்குத்தான். எந்த அரசமரபின் வரலாறும் இதில் இல்லை. மாளிகையும் உடையும் மட்டுமே பழையவை.

சென் சியாவ்சியன் இக்காலத்துப் பெண். நாடகக் கதை எழுதுபவள். ‘காதலைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?’ என்ற தொனியில் அவளுடைய கதையைக் குறை கூறுகிறான், அதில் நடிக்க வந்த நாயகனே. அலுத்துக் களைத்து உறங்கியவள், கண் விழிக்கும்போது தான் எழுதிய கதைக்குள்ளேயே கிடக்கிறாள். அதுவும் கதாநாயகியாக அன்று! மூன்றாம் பகுதியிலேயே நஞ்சுண்டு மாளவேண்டிய பொல்லாத மூன்றாம் இளவரசி சியன்சியனாக!

அந்த இளவரசியின் ஊர் ஹுவாயுவான். அங்கே ஆள்பவர் பெண்கள். ஆடவர் அடக்கம் பயின்று இல்லத்தில் இருக்க வேண்டியவர்கள். பகை நகரமான சுவான்ஹூவில் எல்லாம் தலைகீழ். அங்கே ஆண் இட்டதே சட்டம். (இரண்டு ஊர்களின் ஊடலும் கூடலும் நமக்குப் புதிதா என்ன? 1995-இல் திருச்சியிடமிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் பெரம்பலூரிடமிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-இல் இரண்டும் மீண்டும் ஒன்றாயின. 2007-இல் மறுபடியும் தனிக்குடித்தனம்! எந்த நாடகாசிரியர் இத்தனை திருப்பங்களை வைப்பார்?)

சுவான்ஹூவின் இளவரசன் ஹான் ஷுவோ இதய நோயாளி. அந்நோய்க்கு மருந்தாகும் டிராகன் எலும்பைக் கைப்பற்றவும், கூடவே நகரைக் கவிழ்க்கவும் திட்டமிட்டு ஹுவாயுவானுக்கு வருகிறான். வந்தவனை மறித்து, ‘இவனே என் மாப்பிள்ளை’ என்று கடத்திப் போகிறாள் மூன்றாம் இளவரசி. அவன் அவளுக்கு நஞ்சிட நினைக்கிறான். கதையை எழுதியவளுக்கு அது தெரியாமலிருக்குமா? தப்பிவிடுகிறாள். தப்பியவள் கதையைப் பழைய தடத்துக்குக் கொண்டுவரப் படாத பாடுபடுகிறாள். அவள் எழுதியபடி ஹான் ஷுவோ காதலிக்க வேண்டியது இரண்டாம் இளவரசி சூசூவை. ஆற்றலும் பண்பும் மிக்க அந்தத் தமக்கைக்கு அவனை எப்படியாவது இணைத்துவிட வேண்டுமென்று இவள் வலை பின்னப் பின்ன, கொல்ல வந்தவன் இவளிடமே மனத்தைப் பறிகொடுக்கிறான். போதாக்குறைக்குப் பெய் ஹெங் என்றொருவன். சிறுவயதிலேயே இவளுக்கென நிச்சயிக்கப்பட்டவன். இவளுடைய அடாவடியைக் கண்டு வெறுத்தவன். புதிய சியன்சியனின் அறிவையும் நல்லெண்ணத்தையும் கண்டு அவனும் உருகத் தொடங்குகிறான். மூவர் கதை முழுமை பெற்றது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பெண்ணின் தவிப்புத்தான். ‘எழுதியவள் நான், யார் யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் ஏன் கேட்க மாட்டேன் என்கிறீர்கள்?’ என்னும் தவிப்பு. சம்பந்தம் பேசி முடித்த தாய்தந்தையர் முகத்தில் இதே தவிப்பை நீங்கள் கண்டதில்லையா? தாளில் கிடந்தவரை பேசாதிருந்தவர்கள், உயிர் வந்ததும் தம் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

இனி அந்தக் கடத்தலுக்கு வருவோம். இழுத்து வந்து, அலங்கரித்து, மணவறையில் உட்கார வைக்கப்பட்ட ஓர் ஆண்மகன்! ‘உனக்குச் சம்மதமா?’ என்று அவனை எவரும் கேட்கவில்லை. நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். அதே இருக்கையில் ஒரு பெண்ணை வைத்து எண்ணிப் பாருங்கள். சிரிப்பு வராது. ஏனெனில் அதில் விந்தை ஒன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றாது. வழக்கம் என்று போய்விடுவோம். நாடகத்தை எழுதியவர்கள் இதை எண்ணித்தான் எழுதினார்களோ, நான் அறியேன். ஆனால் ஊரைத் தலைகீழாக்கியதால்தான் இது கண்ணுக்குப் புலப்படுகிறது.

பெண்ணாளும் நாடு தமிழகத்துக்குப் புதிதன்று. ‘வீட்டில் அல்லி ராஜ்யம்தான்’ என்று கேலி பேசுகிறோமே, அந்த அல்லி யார்? ‘அல்லி அரசாணி மாலை’ என்னும் நாட்டுக் கதைப்பாடல் கூறும் மதுரை அரசி. ஆடவரை அண்டவிடாது பெண் படையுடன் ஆண்டவள். அவளுக்குத் திருமணம் எப்படி நடந்தது தெரியுமா? அருச்சுனன் பாம்பாக மாறி அவளுடைய பள்ளியறைக்குள் நுழைந்து, உறங்கிக் கிடந்தவள் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகிறான். அத்தனை வீரம் படைத்த அரசியையும் கதை உறக்கத்தில்தான் மணமுடித்து வைத்தது! பிறகு பவளக்கொடி என்பவளையும் அவன் மணக்க, அல்லி சீற, மூவர் கதையாயிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் இதை மேடைக்குத் தந்தார். 1934-இல் வந்த ‘பவளக்கொடி’தான் தியாகராஜ பாகவதரின் முதல் திரைப்படம்.

ஆனால் தலைகீழ் ஊரைக் கொண்டு நம் சமுதாயத்துக்கே கண்ணாடி காட்டியவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. வங்கத்து ரங்கப்பூரைச் சேர்ந்த பேகம் ரொக்கையா. பள்ளிக்கூடம் செல்லாமல், தமையனிடம் வீட்டிலேயே ஆங்கிலம் கற்றவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905-ஆம் ஆண்டில் எங்கே அச்சேறியது என்று நினைக்கிறீர்கள்? கல்கத்தாவிலன்று, நமது சென்னையில்! கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திவந்த மாதர் இதழில். அக்கதையில் ஆண்கள் அந்தப்புரத்தில் அடைபட்டிருப்பார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைப்பார்கள், மேகத்திலிருந்து நீரை இழுப்பார்கள், வானூர்தியில் செல்வார்கள். விமானம் நம் நாட்டில் பறப்பதற்கு முன் எழுதப்பட்டது இது! ரொக்கையா கனவோடு நிற்கவில்லை. 1909-இல் பகல்பூரில் ஐந்தே மாணவியரைக் கொண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1911-இல் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுசென்றார். நம் தமிழிலும் நாகூர்ச் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டார், உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். நம் வீட்டுப் பெண் கதை எழுதினால் வியப்பவர்கள் இப்பெயர்களை அறிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊர்களுக்குத் திரும்புவோம். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் குடும்பத் தலைவர் கடல் கடந்து உழைக்க, இங்கே வீடு முழுவதையும் சுமப்பவள் மனைவி. வங்கி, வரி, மருத்துவமனை, பிள்ளைகளின் படிப்பு, வீடு கட்டும் மேஸ்திரியுடன் வாதம் அனைத்தும் அவள் தலையில். ஹுவாயுவானின் அரசிகூட இத்தனை இலாகாக்களைக் கவனித்திருக்க மாட்டாள்! ஆனால் மகளுக்கு வரன் வந்துவிட்டாலோ, அயல்நாட்டிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது; முடிவாகிவிடுகிறது. மாப்பிள்ளையின் நிழற்படம் கைப்பேசியில் வந்து சேர்கிறது. நிக்காஹ் அன்று பதிவேட்டைக் கொண்டுவந்து கையொப்பம் கேட்கும்போதுதான், ‘சம்மதமா?’ என்ற சொல்லைப் பல பெண்கள் முதன்முறையாகச் செவியுறுகிறார்கள். பந்தலில் பிரியாணி வெந்துகொண்டிருக்கும் வேளையில் எந்தப் பெண் ‘இல்லை’ என்பாள்?

கன்னியின் மௌனம் சம்மதம் என்று நம் அத்தாமார்கள் உடனே எடுத்துரைப்பார்கள். உண்மைதான். நாணத்தால் வாய் திறவாத பெண்ணுக்கு அளிக்கப்பட்ட சலுகை அது. அச்சத்தால் வாயடைத்தவளுக்கு எதிரான ஆவணம் அன்று. தம் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை மணமுடித்துவிட்டதாக முறையிட்ட கன்ஸா (ரலி) அவர்களின் திருமணத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செல்லாததாக்கினார்கள் என்பதையும் அதே நூல்களில்தானே படிக்கிறோம்?

பெய் ஹெங்கை மறந்துவிட்டோமே! விரும்பியும் கிடைக்கப்பெறாதவன். இத்தகைய நாடகங்களில் இரண்டாமவன் பெரும்பாலும் வில்லனாகவோ, கோமாளியாகவோ ஆக்கப்படுவான். அவனுடைய துயரம் எனக்கு மதீனத்து வீதிகளை நினைவூட்டியது. பரீரா (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றபோது, கணவர் முகீஸைப் பிரியும் உரிமையும் அவருக்குக் கிடைத்தது. பிரிந்தார். முகீஸோ தாடி நனையக் கண்ணீர் வடித்தபடி அவர் பின்னாலேயே வீதியெங்கும் சுற்றினார். அந்தக் காட்சிக்கு இரங்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பரீராவிடம் முகீஸுக்காகப் பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரை மட்டுமே என்று பதில் வந்தது. அப்படியாயின் தமக்கு அவர் தேவையில்லை என்று கூறிவிட்டார் பரீரா. அவரை எவரும் கடிந்துகொள்ளவில்லை. முகீஸின் கண்ணீரையும் எவரும் நகைக்கவில்லை.

இனி, தாய்மார்களின் கேள்வி. சீன நாடகத்தில் மது அருந்தும் காட்சிகளும், காதலர் நெருங்கும் காட்சிகளும் உண்டு. விரலால் தள்ளிவிட்டு மேலே செல்லலாம். முற்பாதி கற்கண்டு. பிற்பாதியில் நகரங்களின் பகை முன்னுக்கு வர, நகைச்சுவை மெலிந்துவிடுகிறது. பெரியவர்கள் அங்கே கொட்டாவி விடக்கூடும். தவிர, கைப்பேசித் திரை மிகச் சிறியது. ஐந்து பேர் எட்டிப் பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துத் தரச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குத் தெரியும். மாப்பிள்ளையைக் கடத்தும் இடம் முதல் பகுதியிலேயே வந்துவிடும். அத்தாவையும் அப்போதே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுங்கள்.