புறக்கணிப்பு மட்டும் போதுமா?

2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் 377ஆவது பிரிவின் பிடியிலிருந்து தன்பாலீர்ப்பாளரை விடுவித்தது. அவ்விடுதலை ஆலைவாயிலோடு நின்றுவிடுகிறது. தனியார் நிறுவனம் ஒன்று ஒருவரைத் தன்பாலீர்ப்பின் பெயரால் வேலைநீக்கம் செய்தால், அதை வெளிப்படையாகத் தடுக்கும் சட்டம் இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் திருநரை மட்டுமே காக்கிறது; அதே ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு பாலினம் என்பதற்கு மேல் எதையும் கூறவில்லை.

அத்தகைய நிறுவனங்களின் பொருள்களைப் புறக்கணிப்பதே வழி என்போர் உண்டு. அவர்கள் காட்டும் சான்று அமெரிக்காவின் கூர்ஸ் பீர் ஆலை. வேலை தேடி வந்தோரைப் பொய்யறியும் கருவிமுன் அமர்த்தி அந்தரங்கத்தைத் துருவிய நிறுவனம் அது. 1970களில் சான்பிரான்சிஸ்கோவின் லாரித் தொழிலாளர் சங்கம் ஆதரவு நாடியபோது, ஹார்வி மில்க் தன்பாலீர்ப்பாளரின் மதுக்கூடங்களில் கூர்ஸை நிறுத்த முன்னின்றார். பதிலுக்கு அவர் கேட்டது, தம் மக்களுக்கும் ஓட்டுநர் வேலை! 1977இல் ஆலைத் தொழிலாளரே வேலைநிறுத்தத்தில் இறங்க, புறக்கணிப்பு நாடு முழுவதும் பரவிப் பத்தாண்டு நீடித்தது.

திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் நிலைமை வேறு. அங்கு உருவாகும் உதிரிபாகங்கள் பிற நிறுவனங்களின் முத்திரைக்குள் மறைகின்றன. சித்தூரின் தோத்தாபுரி மாங்கூழ் பீப்பாய்களில் கடல் கடக்கிறது. உள்ளூர்க் கடையில் எதைப் புறக்கணிப்பது? கொள்முதல் சுருங்கினால் முதலில் வெளியேற்றப்படுபவர் ஒப்பந்தத் தொழிலாளியே. காரணம் சொல்லாமல் அவரது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுப்பது நிர்வாகத்துக்கு இப்போதே எளிது.

எனவே, பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்னும் வாசகம் தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும். அதற்குமுன் சங்க அலுவலகத்தில் கேலிப்பேச்சு நிற்க வேண்டும். அது நிற்காதவரை, வேலையிழந்தவர் புகாருடன் அந்தப் படியேற மாட்டார்.