தெரிவு நமதாகட்டும்!

தேயிலையும் றப்பரும் மாணிக்கக் குழிகளும் சூழ்ந்த குருவிட்டப் பகுதியிலே, 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட நாள்தொட்டு, ஒரு புதிய பொருள் லயங்களுக்குள் மெல்ல மெல்லக் குடிபுகுந்து வருகிறது. டெப் கணினி எனப்படும் அக்கருவியைக் கடனுக்கு வாங்கியோர் உளர். பிறர் பாவித்துக் கழித்ததை அரைவிலைக்குப் பெற்றோரும் உளர். பிள்ளையின் படிப்புக்கென்று வந்த அது, இன்று தந்தைக்குக் கொழுந்து விலையையும், தாய்க்கு வைத்தியசாலைத் தகவலையும், ஊருக்கு மழை எச்சரிக்கையையும் காட்டும் சாதனமாகிவிட்டது. வாங்கும்போது விலையைக் கேட்கிறோம். திரையின் அகலத்தைப் பார்க்கிறோம். மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று விசாரிக்கிறோம். ஆனால் அதனுள்ளே இணையத்தைத் திறந்து காட்டும் உலாவி எது என்று மட்டும் கேட்பவர் அரியர். கொம்பனி எதை உள்ளே வைத்து அனுப்பியதோ, அதுவே நமக்கு விதியாகிவிடுகிறது.

இந்த அலட்சியம் தகாது என்பதே நமது கருத்து.

இணையப் பக்கம் எதைத் திறந்தாலும் உலாவி என்னும் வாயிலைக் கடந்தே செல்கிறோம். அங்கே நாம் தேடியவை, படித்தவை, எழுதிய கடவுச்சொற்கள் அனைத்தும் அவ்வாயிற் காவலனுக்குத் தெரியும். அக்காவலன் யாருடைய ஆள் என்று விசாரிப்பது வீட்டுக்காரனின் கடமையல்லவா?

"வந்ததை வைத்துக்கொண்டாற் போகிறது, இதிலே என்ன இருக்கிறது?" என்று கேட்போர் உண்டு. இதிலே என்ன இருக்கிறது என்பதை உலகின் பெருங் கொம்பனிகள் நன்கறிந்திருக்கின்றன. அப்பிள் கருவிகளிலுள்ள சபாரி உலாவியில் தனது தேடுபொறியே முதலில் நிற்க வேண்டும் என்பதற்காகக் கூகிள் 2022 ஆம் ஆண்டில் அப்பிளுக்கு 2,000 கோடி டொலர் கொடுத்தது என்ற செய்தி, அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றிலே வெளியாயிற்று. தேடற் சந்தையிலே கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று அந்நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. முதலில் வைத்ததை மக்கள் மாற்றமாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கைக்குக் கொடுக்கப்பட்ட விலை அது! நாம் அற்பமென்று தள்ளிவிடும் தெரிவு, பிறர்க்கு எத்துணைப் பெரிய செல்வம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டவும் வேண்டுமோ?

பிறர் தெரிவு செய்ததை ஏற்று வாழும் நிலை தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. கங்காணியின் கடனைக் குறித்துத் துரை எழுதிக்கொடுத்த துண்டு தீர்க்கப்பட்டாலன்றி, அவன் கீழிருந்த தொழிலாளர் வேறு தோட்டம் போக முடியாதிருந்த காலம் ஒன்றிருந்தது. 1921 ஆம் ஆண்டிலேதான் அந்தத் துண்டு முறை சட்டத்தினால் ஒழிந்தது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும், 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் அம்மக்களைக் கேளாமலே அவர்தம் நாட்டைத் தீர்மானித்தன. அத்துயரங்களோடு ஓர் உலாவியை ஒப்பிடுவது நமது நோக்கமன்று. நாம் சொல்ல வருவது இதுதான்: தெரிவு மறுக்கப்பட்ட இடத்திலே போராடிய மக்கள், தெரிவு திறந்து கிடக்கும் இடத்திலே உறங்கலாகாது. உலாவியை மாற்ற எவரிடமும் துண்டு பெற வேண்டியதில்லை. ஒரு சதமேனும் செலவழிக்க வேண்டியதுமில்லை.

அவ்வாறாயின் எதை அளவுகோலாகக் கொள்வது? நமது மக்களின் நிலையைக் கருதி நான்கு கேள்விகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, இந்த உலாவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வருகின்றனவா? தோட்டப் பகுதிகளிலே வழங்கும் டெப் கணினிகளிற் பல பழையவை. அவற்றின் இயங்குதளத்தைச் செய்த கொம்பனிகள் அவற்றை மறந்துவிட்டன. எனினும் அன்ட்ரொயிட் கருவிகளில் உலாவி தனியாகப் புதுப்பிக்கப்படுகிறது. ஆதலால் பழைய கருவியையும் ஓரளவு காத்து நிற்பது நல்ல உலாவியே. 2025 ஆம் ஆண்டில் குரோம் உலாவி அன்ட்ரொயிட் 8, 9 ஆகிய பதிப்புகளைக் கைவிட்டது. அவ்வாண்டிலும் பயர்பொக்ஸ் உலாவி அப்பதிப்புகளைக் கைவிடவில்லை. உங்கள் கருவியின் அமைப்புகளைத் திறந்து பதிப்பு எண்ணைப் பாருங்கள். புதிய கருவியாயின் குரோமும் பாதுகாப்பானதே. பழையதாயின் இந்த ஓர் எண்ணே உங்கள் தெரிவைத் தீர்மானிக்கக் கூடும்.

இரண்டாவது, இது நமது காசைக் காக்கிறதா? ரீலோட் போட்டு வாங்கிய டேட்டாவிலே நாம் கேளாத விளம்பரங்களும், நம்மைப் பின்தொடரும் நிரல்களும் இறங்குகின்றன. ஒரு பாடத்தைப் படிக்கச் சென்ற பிள்ளை நாலு விளம்பரத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறது! அன்ட்ரொயிட் டெப் கணினியிலே பயர்பொக்ஸ் விளம்பரத் தடுப்பு நீட்சிகளை ஏற்கிறது; பிறேவ் உலாவியிலே அத்தடுப்பு உடன்பிறந்தது; குரோம் அங்கே நீட்சிகளை ஏற்பதில்லை. பக்கங்களைச் சுருக்கித் தரும் ஒபேரா மினி டேட்டாவைப் பெரிதும் மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் அதன் அதிகபட்சச் சுருக்க முறையிலே நாம் பார்க்கும் பக்கம் அக்கொம்பனியின் கணினியிலே பிரிக்கப்பட்டு, மறுபடி கட்டி அனுப்பப்படுகிறது. செய்தி படிக்க அது போதும்; வங்கிக் கணக்கைத் திறக்க அம்முறை ஆகாது.

மூன்றாவது, இது நம்மைப் பற்றி எவர்க்குச் சொல்கிறது? ஆசிய நாடுகளிற் பெரிதும் பரவியிருந்த யூசி உலாவி, பாவனையாளரின் இருப்பிடத்தையும் தேடற் சொற்களையும் போதிய மறைப்பின்றி வெளியே அனுப்பியதை 2015 ஆம் ஆண்டில் தொரன்ரோப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்று வெளிப்படுத்தியது. இலவசம் என்ற சொல்லைக் கண்டதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவது அறிவுடைமையன்று. பெயரறியாத உலாவிகளை, எவரோ அனுப்பிய இணைப்பைத் தட்டி இறக்குவதைத் தவிர்த்தல் வேண்டும்.

நான்காவது, இது தமிழுக்கு இடம் தருகிறதா? இன்று புழக்கத்திலுள்ள பெரிய உலாவிகள் யாவும் யுனிகோட் தமிழைச் செவ்வனே காட்டுகின்றன. எழுத்துகள் ஆங்கிலக் குப்பையாய்த் தோன்றுமிடத்துப் பெரும்பாலும் குற்றம் உலாவியினதன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவிலே அப்பக்கத்தை எழுதியவரின் குற்றமே. ஆனால் பலர் அறியாத வேறொன்றுண்டு. உலாவியின் அமைப்பிலே மொழி வரிசை ஒன்றிருக்கிறது. அதிலே தமிழை முதலில் வைத்தால், நாம் திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் "இவர் தமிழ் கேட்கிறார்" என்று உலாவி தானே அறிவிக்கும். மும்மொழித் தளம் அதற்கு ஏற்ப அமைக்கப்பட்டிருந்தால் தமிழ்ப் பக்கமே முதலில் விரியும். ஆங்கிலத்தை முதலில் வைத்துவிட்டுத் தமிழ்ப் பக்கம் இல்லையே என்று ஏங்குவதிலே பொருளில்லை. கேட்பவன் இருக்கிறான் என்பதை முதலில் காட்டுவோம்.

இவற்றைச் சீர்தூக்கி நாம் கூறும் யோசனை இது. அன்ட்ரொயிட் டெப் கணினி வைத்திருப்போர், சிறப்பாகப் பழைய கருவி உடையோர், பயர்பொக்ஸை முதல் உலாவியாகக் கொள்ளலாம். அதன் குறைகளையும் மறைக்க மாட்டோம். சில தளங்கள் அதிலே சுணங்கும். அதனை நடத்தும் மொசில்லாவின் வருமானத்திற் பெரும்பகுதி கூகிளிடமிருந்தே வருகிறது. எனவே குரோம் போன்ற ஒன்றை இரண்டாவதாக வைத்திருப்பதிலே தவறில்லை. நம் நாட்டில் பாவிக்கும் ஐபேட்டிலோ, எந்தப் பெயருடைய உலாவியை இறக்கினாலும் உள்ளே ஓடும் பொறி அப்பிளின் வெப்கிட்டே. அங்கே சபாரியையே புதுப்பித்து வைத்திருப்பது போதுமானது.

தனிமனிதர் விழிப்போடு காரியம் முடிந்துவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலே 2024 மார்ச் முதல், எந்த உலாவி வேண்டும் என்று தொலைபேசியே பாவனையாளரைக் கேட்கும்படி சட்டம் செய்திருக்கிறது. இந்நாட்டிலே அத்தகைய சட்டம் இல்லை. அது வரும்வரை அரசாங்கம் தன் கடமையையேனும் செய்யட்டும். பொதுமக்களுக்கான தளம் எதுவாயினும், எல்லா உலாவியிலும், பழைய டெப் கணினியிலும் திறக்க வேண்டும். யுனிகோட் தமிழிலே இருக்க வேண்டும். படங்களால் பாரமேற்றி ஏழையின் டேட்டாவைத் தின்னாதிருக்க வேண்டும்.

இது வெறும் வசதிப் பிரச்சினையன்று. 2017 மே மாத வெள்ளத்திலும் மண்சரிவிலும் இந்நாட்டிலே இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மிகக் கொடிய அழிவைக் கண்ட மாவட்டங்களுள் இரத்தினபுரியும் ஒன்று. குரு கங்கை பெருகும் இரவிலே, சரிவின் கீழுள்ள லயத்திலிருப்பவன் எச்சரிக்கைப் பக்கத்தைத் திறக்கிறான். அது திறக்கவில்லை, திறந்தாலும் அவன் மொழியில் இல்லை. அப்போது அவன் இழக்கக்கூடியது டேட்டாவை மட்டுமா? 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. அவ்வார்த்தை ஏட்டிலே மட்டுமன்றித் திரையிலும் தெரிய வேண்டும்.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களையும், இலிகிதர்களையும், படித்த இளைஞர்களையும் நாம் ஒன்று கேட்கிறோம். வாரத்திலே ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். அயல் வீட்டு டெப் கணினியை வாங்கிப் பதிப்பைப் பாருங்கள். உலாவியைப் புதுப்பித்துக் கொடுங்கள். மொழி வரிசையிலே தமிழை முதலில் ஏற்றி வையுங்கள். திறக்காத அரசாங்கப் பக்கங்களைக் குறித்துவைத்து உரிய திணைக்களத்துக்கு எழுதுங்கள். சிறு தேயிலைத் தோட்டக்காரரும் கமக்காரரும் தங்கள் சங்கக் கூட்டங்களிலே இதனைப் பேசட்டும். நாற்றை மண்ணறிந்து தேர்ந்தெடுப்பவருக்கு உலாவியைத் தேர்ந்தெடுப்பது அரிதான காரியமன்று.

வாயில் நமது வீட்டுக்குரியது. காவலனை நியமிக்கும் உரிமையும் நமதே. அவ்வுரிமையைக் கொம்பனியின் கையிலே விட்டுவைக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை.